பின் டயர் தேடிப் பினாங்கு

சனிக்கிழமை, காலை 6.50. தைப்பிங்கிலிருந்து நான் மோட்டார் சைக்கிளிலும் என் மனைவி கலா ரயிலிலும் பினாங்குக்குக் கிளம்பினோம். ஒரே வீட்டிலிருந்து, ஒரே ஊருக்கு, இரண்டு வண்டியில். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் எண்ணூறு சிசி குரூசர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தாழ்ந்த இருக்கை, அகலமான ஹேண்டில், இரண்டு பக்கமும் தோல் பை. அதுவரை ஆயுள் முழுக்க நான் ஓட்டியது கப்சாய்தான். ஃபேக்டரிக்கும் சந்தைக்கும் எல்லாரும் ஓட்டுகிற அந்தச் சின்ன மோட்டார்தான். பிள்ளைகள் வேலைக்கு என்று கோலாலம்பூர் போய்விட்ட பிறகு, ஞாயிறு தவறாமல் கலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஜுருவில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், தூறலில், பின் டயர் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். மெதுவாகத்தான் போனோம். எலும்பு எதுவும் முறியவில்லை. கலாவுக்கு இடது முழங்கை சிராய்ந்து, மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது. பின்னால் வந்த லாரி நின்றதால் இன்று இதை எழுதுகிறேன்.

மறுநாள் கலா சொன்னாள்: "டயரை மாத்துங்க. மாத்துனத நான் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் ஏறுறதா வேணாமான்னு சொல்லுவேன். வேணாம்னா வேணாம்தான், அப்புறம் கேட்கக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். தைப்பிங்கில் எனக்குத் தெரிந்த டயர் கடைக்காரர் அந்த அளவு தன்னிடம் இல்லை, பினாங்குக்குப் போ என்றார். அதனால்தான் இந்தப் பயணம். பிடித்திருந்தால் என்னோடு மோட்டாரில் திரும்புவாள் என்று ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டு ரயிலுக்கே எடுத்துக்கொண்டு போனாள். பிடிக்காவிட்டால் மாலை ரயில்.

நெடுஞ்சாலையில் போக எனக்குத் தைரியம் இல்லை. பழைய ரோட்டில், அறுபதைத் தாண்டாமல், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் தெபால் என்று போனேன். சிம்பாங் அம்பாட் வந்ததும் ஃபேக்டரி பஸ்களும் லாரிகளும் சேர்ந்துகொண்டன. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். வழுக்கிய டயரில் போகிறவன் நான், அவர்கள் இல்லை.

காலை 9.20. பட்டர்வொர்த், பினாங்குத் தீவுக்குப் படகு ஏறும் ஊர். தொண்ணூறு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். கலா எனக்கு முன்பே வந்து, படகுத் துறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "ரயில்ல ஏசி ஜோரா இருந்துச்சு" என்றாள்.

படகில் மோட்டாருக்கு இரண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட், கலாவுக்கு இரண்டு வெள்ளி. இருபது நிமிடத்தில் ஜார்ஜ் டவுன். கலா லிட்டில் இந்தியாவில் சேலை பார்க்கப் போகிறேன் என்று இறங்கி நடந்துவிட்டாள். வேலை முடிந்ததும் கூப்பிடச் சொன்னாள்.

பினாங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவரில் வரைந்த படத்தையும் சாப்பாட்டையும் எழுதுவார்கள். அந்தச் சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதால் நான் பதினைந்து நிமிடம் வெயிலில் கிளட்ச் பிடித்து நின்றேன். அதற்கு மேல் எனக்கு அந்தப் படங்களைப் பற்றித் தெரியாது. நான் போனது டயர் கடைகளுக்கு. அங்கே போகாத வாசகர்களுக்காக அதை எழுதுகிறேன்.

காலை 10.30. டத்தோ கிராமட் ரோட்டில் முதல் கடை. முதலாளித் தௌக்கே அறுபது வயதுச் சீனர், வாயில் பல்குச்சி. என் பழைய டயரில் 170/80-15 என்று எழுதியிருந்தது. அவர் கொண்டு வந்து வைத்ததில் 150/90-15. இது வேறு அளவு அல்லவா என்று மலாயில் கேட்டேன். "சாமா சாஜா லா" என்றார். எல்லாம் ஒன்றுதானாம். அகலம் குறைந்தால் உயரம் கூடும், கணக்கு சரியாகிவிடும் என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். ஐந்நூற்று அறுபது வெள்ளி. கம்பி ரிம் என்பதால் ட்யூப் வேண்டுமா என்று கேட்டேன். இந்த டயர் ட்யூப் இல்லாத வகை, ட்யூப் போடவே கூடாது என்றார். போடாவிட்டால் கம்பி வழியாகக் காற்று இறங்காதா என்று கேட்டேன். பல்குச்சியை இடமிருந்து வலமாக மாற்றிக்கொண்டு, இறங்கும் என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

காலை 11.20. ஜெலுத்தோங்கில் இரண்டாவது கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, தரையில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. மலாய்க்கார இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, சரியான அளவிலேயே, பக்கத்தில் வெள்ளைப் பட்டை போட்ட டயர் ஒன்றைக் காட்டினார். எழுநூற்று நாற்பது வெள்ளி. அழகாகத்தான் இருந்தது. கலாவுக்குப் பிடிக்கும் என்று பட்டது. ஆனால் டயரின் ஓரத்தில் சின்னதாக நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று காட்டும். அது மட்டும் எனக்குத் தெரியும். படித்துப் பார்த்தால் டயர் செய்து ஆறு வருடமாகியிருந்தது. கேட்டேன். கடையில் ஏசியில் இருந்தது, வெயில் படவில்லை, அதனால் புதியதுதான் என்றார். என் மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டும் வெயில் படாததுதான். அதை நாங்கள் சாப்பிடுவதில்லை.

இந்த டயர் ரேடியல், முன் டயரும் ரேடியலாக மாற்ற வேண்டும் என்றார் அவர். பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியர் வேண்டியதில்லை என்றார். இருவரும் தங்களுக்குள் வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள். நான் நடுவில் நின்று ஒருவர் முகத்தையும் அடுத்தவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கத் தெரியாமல் நிற்பது போன்ற அவமானம் வேறில்லை.

அங்கே காத்திருந்த ஒருவர் என்னை வெளியே அழைத்துப் போனார். நல்ல வெயிலில் கறுப்புத் தோல் சட்டை போட்டிருந்தார். தன் குரூசரைக் காட்டினார். பின்னால் கார் டயர்.

"அண்ணே, நான் சொல்றேன் கேளுங்க. கார் டயர் போட்டா நாலு வருஷத்துக்குத் தொட வேணாம்."

"வளைவுல எப்படி?"

"வளைவுல கொஞ்சம் முரண்டு பிடிக்கும்லா. தள்ளிப் பிடிச்சா வந்துடும்."

"எனக்குப் பின்னாடி என் மனைவி உட்காருவாங்க."

"அப்ப அண்ணிகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

மதியம் 12.15. ரோட்டோரக் கடையில் தேத்தண்ணி குடித்தேன். தலைக்குள் எண்கள் ஓடின. நூற்றெழுபது, நூற்றைம்பது, ரேடியல், ட்யூப், கார். கலா போனில் கூப்பிட்டு, வாங்கியாகிவிட்டதா என்றாள். இல்லை என்றேன். "மூணு மணி நேரமா என்ன செய்றீங்க?" என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி போடுகிறவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த சந்தில் சாந்தி என்று ஓர் அம்மா இருக்கிறார், பெரிய மோட்டார்க்காரர்கள் அவரிடம்தான் போவார்கள் என்றார். மூன்று பேரிடம் குழம்பியாகிவிட்டது, நாலாவது ஆளிடமும் குழம்பலாம் என்று போனேன்.

மதியம் 12.40. கடை என்று அதைச் சொல்ல முடியாது. தரைவீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடம். டயர் கழற்றும் மெஷின் ஒன்று, காற்று டாங்கி ஒன்று, சுவரில் சாமிப் படம். சாந்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் சரக்குப் பரிசோதனையில் இருந்தவர். ஃபேக்டரி ஆள் குறைத்தபோது வந்த பணத்தில் இந்த மெஷினை வாங்கினார். என் மோட்டாரைச் சுற்றி வந்தார். என்ன டயர் வேண்டும் என்று கேட்கவே இல்லை.

நானே ஆரம்பித்தேன். ரேடியலா மற்றதா, ட்யூப் உண்டா இல்லையா, நூற்றைம்பது போடலாமா என்று வரிசையாகக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன்.

"அண்ணே, கத்தாதீங்க. எனக்குக் காது நல்லா கேட்குது" என்றார். "கம்பி ரிம், ட்யூப் வேணும். நூத்தெழுவதுதான் போடணும். உங்க எடை எவ்வளவு?"

தொண்ணூற்றிரண்டு கிலோ என்றேன். கலாவுக்கு? எழுபதுக்கு மேல் என்று மட்டும் சொன்னேன். தோல் பைகளில் என்ன வைப்பேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் மோட்டாரின் எடையோடு கூட்டினார். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 77 என்ற எண்ணைக் காட்டி, இந்த எண் என்றால் டயர் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ தாங்கும், இதற்குக் குறைந்து போடக் கூடாது என்றார். காலையிலிருந்து எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

பிறகு மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, என் பழைய டயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு இருபது காசை எடுத்து நடுப் பள்ளத்தில் செருகினார். காசு உள்ளே போய் நின்றது. ஓரத்தில் வைத்தார். காசு நிற்க இடமே இல்லை. இரண்டு ஓரமும் வழுவழுவென்று இருந்தன.

"நடு நல்லா இருக்கு. ரெண்டு ஓரமும் போச்சு. எவ்வளவு காத்து அடிப்பீங்க?"

"இருநூறு."

"முன்னாடியா பின்னாடியா?"

"ரெண்டுக்கும்தான். எல்லாரும் அடிக்கிற இருநூறு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கப்சாய்க்கு அடிக்கிற இருநூறு" என்றார்.

இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிக்கும் மெஷின் இருக்கும். வேண்டிய காற்றின் எண்ணைக் கிலோபாஸ்கலில் வைத்துவிட்டுக் குழாயை டயரில் செருகினால் அதுவே அடித்து, நிறைந்ததும் கத்தும். பதினேழு வயதிலிருந்து நான் அதில் வைக்கும் எண் இருநூறு. என் அப்பா வைத்ததும் ஏறக்குறைய அதுதான். யோசித்து வைத்த எண் இல்லை. கை போய் வைத்துவிடும். முந்நூறு கிலோ மோட்டாரை வாங்கியபோதும் கை இருநூறுதான் வைத்தது.

சாந்தி ஈரத்துணியால் செயின் கவரைத் துடைத்தார். அங்கே ஒரு வேல் ஸ்டிக்கர் இருந்தது. மோட்டார் வாங்கிய வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்கு வந்தபோது தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் வாங்கி நான் ஒட்டியது. அவர் நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினார். சாமி ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள் என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முடி காய வைக்கும் மெஷினால் சூடு காட்டி, கிழியாமல் முழுதாக எடுத்தார்.

அடியில் மோட்டார் கம்பெனி ஒட்டிய சீட்டு இருந்தது. பொடி எழுத்து. முன் டயர் 200. பின் டயர் 250. பின்னால் ஆள் இருந்தால் 280.

"முருகன் காப்பாத்துவார்ண்ணே" என்றார் சாந்தி. "ஆனா படிக்க விடணும்ல."

நான் சிரிக்கவில்லை. சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்தான். ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து, அழுக்காகத் தெரிகிறதே என்று அதன்மேல் வேல் ஸ்டிக்கரை ஒட்டினேன். மூன்று வருடமாகக் குறைந்த காற்றில் கலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. விழுவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே கலா சொல்லிக்கொண்டிருந்தாள், பின்னாடி நெளிகிறது என்று. வளைவில் தண்ணீர்க் குடத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று. ஆடாமல் உட்கார் என்று நான் திட்டினேன். விழுந்த பிறகும், வளைவில் நீ அசைந்தாய், அதனால்தான் என்று சொன்னேன். மழையைச் சொன்னேன், ரோடு போட்டவனைச் சொன்னேன், டயர் செய்தவனைச் சொன்னேன். வீங்கிய மணிக்கட்டோடு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தியிடம் 170/80-15 ஒன்றே ஒன்று இருந்தது, இந்த வருடம் செய்தது. யாரோ சொல்லி வைத்துவிட்டு வரவில்லையாம். வெள்ளைப் பட்டை இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு. டயர் ஐந்நூற்று இருபது, ட்யூப் நாற்பத்தைந்து, கூலி நாற்பது. முன் டயர் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றார். மாட்டி முடித்து, காற்றை 280 வைத்து, கிலோமீட்டர் ஓடும் எண்ணைச் சுழியில் நிறுத்தினார்.

"புது டயர் மேல மெழுகு மாதிரி இருக்கும், வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டர் சாயாம, மெதுவா போங்க. அக்காவை அதுக்கப்புறம் ஏத்துங்க."

"அவங்க இன்னைக்கு ஏறினாத்தான் உண்டு" என்றேன்.

"அது உங்க பாடு" என்றார்.

மதியம் 2.30. படகுத் துறைக்கு நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டரில் ஒரு விஷயத்தை மட்டும் யோசித்தேன். கலாவுக்கு டயரைக் காட்டினால் போதும். புது டயர், கறுப்பாக, முள்முள்ளாக இருக்கிறது. பார்ப்பாள், ஏறுவாள். பழைய டயர் மோசம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இருநூறும் வேலும் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. தோல் சட்டைக்காரர் சொன்ன புத்தி சாதாரணப் புத்தி இல்லை.

துறையில் காத்திருந்த கலா டயரைக் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். "நல்லாத்தான் இருக்கு" என்று பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

படகு கிளம்பியதும் சொல்லிவிட்டேன். எதையும் குறைக்கவில்லை. காற்று, ஸ்டிக்கர், நூறு கிலோமீட்டர், எல்லாம். எனக்கு நயமாகச் சொல்ல வராது, அதனால் வந்தபடி சொன்னேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஆடல."

"இல்ல."

"நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். என் தப்பு."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணினால் ஒரு கை விரலே மிஞ்சும். அவள் ஹெல்மெட்டைத் திரும்பப் பையில் வைத்தாள். "நான் ரயில்லயே போறேன்" என்றாள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் போகிறாளா, சாந்தி சொன்ன நூறு கிலோமீட்டருக்காகப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வேணாம்னா வேணாம்தான், அப்புறம் கேட்கக் கூடாது என்று சொன்னவள்.

மாலை 3.40. ஜுரு தாண்டும்போது தூறல். மோட்டார் வேறு மோட்டாராகியிருந்தது. பின்னால் நெளிவே இல்லை. நெளிவு என்று ஒன்று இருந்ததே அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருப்பவனுக்கு அது தெரியாது. பின்னால் உட்கார்ந்து ஒன்றையும் பிடிக்காமல் நம்பி வருகிறவளுக்குத்தான் தெரியும். அந்த நினைப்பு நிபோங் தெபால் வரை என்னை விடவில்லை. நல்ல டயரை வாங்கிவிட்டு இவ்வளவு துக்கத்தோடு வீட்டுக்குப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

ரேடியல் என்றால் என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பினாங்கில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். எங்கள் தைப்பிங்கில் ஒரே கடை, ஒரே பதில்: இல்லை. குழப்பமில்லாத ஊர். ஆனால் அங்கே யாரும் என் பழைய டயரை மடியில் வைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மாலை 5.50. தைப்பிங். வீட்டுக்குப் போகும் வழியில் ரயில் நிலையம். அவள் எப்போதோ ரயிலிறங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நிலைய வாசல் பெஞ்சில் சேலைக் கடைப் பையும் ஹெல்மெட் பையுமாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

எழுந்து வந்து, ஹேண்டில் பக்கம் குனிந்து, கிலோமீட்டர் எண்ணைப் படித்தாள். தொண்ணூற்று நான்கு.

"நூறுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க?"

"ஆமா."

"போய் ஆறு கிலோமீட்டர் சுத்திட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ஏரித் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். மாலையில் நடக்க வந்தவர்கள், ஒருவன் பெரிய மோட்டாரில் நாற்பதில் மூன்று சுற்று சுற்றுவதைப் பார்த்து, வழி தெரியாதவன் என்று நினைத்திருப்பார்கள். எண் நூறு காட்டியதும் அடுத்த திருப்பத்தில் திரும்பினேன். நிலைய வாசலில் நான் நிறுத்தியதும் கலா பின் டயரைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.